சின்னம்மாவின் தென் அமெரிக்கப் பாடம்

என் சின்னம்மா என்னை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறாள். அது தென் அமெரிக்காவுக்காக. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அப்போது யுத்த காலம். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டி கழுவுகிற வேலை. அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்ததால், ஒன்பது வயதான என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அம்மாவின் தங்கை ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். டிரெயினிங் பள்ளியை ஒட்டியே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். என்னை அதில் சேர்த்தாள். டீச்சராகப் போகிறவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்கு எங்களைத்தான் பயன்படுத்துவார்கள். சவரம் பழகுகிறவனுக்கு யாராவது தலையைக் கொடுக்க வேண்டுமல்லவா, அந்தத் தலை நாங்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. மற்றப் பிள்ளைகள் மொண்டு குடிப்பார்கள். சேரியிலிருந்து வந்த நாங்கள் ஆறு பேர் ஓரமாக நின்று இரண்டு கையையும் குவித்துப் பிடிக்க வேண்டும். ஆயா வந்து உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஆயா வேறு வேலையாகப் போயிருந்தால் தாகத்தோடு வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பானைக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

டிரெயினிங் முடிகிற சமயத்தில் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் பார்த்து மார்க் போடுவார். சின்னம்மா போன வருஷமே அதில் பெயிலாகியிருந்தாள். இந்தத் தடவையும் போனால் அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க வேண்டும். அவளோடு பிறந்தவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவளே அவள் ஒருத்திதான்.

அவளுக்கு வந்த பாடம் தென் அமெரிக்கா. புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். ஒரு பெரிய ஆறு, ஒரு பெரிய மலை, காப்பி, ரப்பர், மாடு. மனிதர்கள் என்று எடுத்தால் காட்டுக்குள் அம்போடு நிற்கிற ஒருவன் படம். சின்னம்மாவுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய கோபம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்புப் பெட்டியில் துரைகள் விட்டுப்போகும் இங்கிலீஷ் பத்திரிகைகளை அப்பா பொறுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருவார். அப்படி வந்த ஒன்றில் பிரேசில் தேசத்தைப் பற்றி ஒரு கட்டுரை, மூன்று பேர் படத்தோடு. சின்னம்மா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். பிறகு மூன்று படத்தையும் வெட்டி, கேப்பைக் கூழைத் தடவி அட்டையில் ஒட்டினாள்.

ஒருவர் பாரிஸ் பட்டணத்துக் கோபுரத்தை ஆகாயக் கப்பலில் சுற்றி வந்தவர். இன்னொருவர் டாக்டர். ரயில் பாதை போடுகிற கூலிகளுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனவர், மண் சுவர் விரிசலில் குடியிருக்கும் ஒரு பூச்சியைப் பிடித்து, அதனால் வருகிற புது வியாதியையே கண்டுபிடித்தார். மூன்றாமவர் எஞ்சினியர். கறுத்த முகம், மீசை, கோட்டு. மழை பொய்த்து ஒரு பெரிய பட்டணமே தவித்தபோது தூரத்து மலையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தவர். அவருடைய பாட்டி அடிமையாக இருந்தவள்.

அப்பா அந்த மூன்றாவது படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நம்ம லோகோ ஷெட்டு மேஸ்திரி மாதிரியே கீறாரு" என்றார்.

பதினைந்து நாள் தினமும் சாயங்காலம் அந்த அறையில் பாடம் நடந்தது. சின்னம்மா டீச்சர், நான் நாற்பது பிள்ளைகள். எஞ்சினியர் வந்ததும் முதல் நாளே நான் கேட்டேன்.

"அவரு கொண்டாந்த தண்ணிய அவரு மொண்டு குடிக்கலாமா, சின்னம்மா?"

சின்னம்மா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஊருக்கே கொண்டாந்தவரு, குடிக்காமயா இருந்திருப்பாரு? ஆனா இத கிளாஸ்ல கேட்டுக்கினு நிக்காத. இன்னா? என்னையும் சின்னம்மான்னு கூப்புடக் கூடாது. டீச்சர்னு சொல்லணும்."

சொந்தக்காரப் பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பரீட்சைக்கு ஒரு விதி உண்டாம். முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். அன்றைக்கு மட்டும் அறையிலேயே இரு என்று சின்னம்மா கெஞ்சினாள். நான் அழுது புரண்டேன். கடைசியில் கூட்டிக்கொண்டு போனாள். இன்றுவரை என்னை அறுக்கிற விஷயம் அதுதான்.

பாடம் பிரமாதமாக நடந்தது. கரும்பலகையில் தென் அமெரிக்காவை ஒரே இழுப்பில் வரைந்தாள். நம் மல்லாட்டையே அங்கேயிருந்து வந்ததுதான் என்றபோது வகுப்பே நம்பவில்லை. திண்டிவனத்திலிருந்துதான் மல்லாட்டை எல்லாத் தேசத்துக்கும் போகிறது என்பது எங்கள் எண்ணம். ஆகாயக் கப்பலுக்கு எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எஞ்சினியரைப் பற்றிச் சொன்னதைச் சிலேட்டில் எழுதிக்கொண்டோம். மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சின்னம்மா வழக்கப்படி, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்திருக்கக் கூடாது. அது ஊரறிந்த வழக்கம். நான் எழுந்தேன். காலையிலிருந்து ஆயாவைக் காணவில்லை, எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவரு கொண்டாந்த தண்ணிய அவரு மொண்டு குடிக்கலாமா, டீச்சர்?"

டீச்சர் என்று மறக்காமல் சொன்னேன் என்பதில் எனக்கு அப்போது பெருமை வேறு. முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மற்றவர்கள் திரும்பித் தாழ்வாரத்தைப் பார்த்தார்கள். அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இதெல்லாம் புத்தகத்திலே இருக்கா?"

"இல்லீங்கம்மா. பத்திரிகையில..."

"தென் அமெரிக்காவிலே என்ன விளையுதுன்னு சொல்லிக்கொடுக்கத்தான் உன்னை நிறுத்தியிருக்கு. அங்கே யார் யார் பிறந்தான்னு யார் கேட்டா? அடிமை பேரன் எஞ்சினியராம். இந்தப் பிள்ளைங்க மண்டையிலே எதை ஏத்தப் பார்க்கிறே?"

எனக்கு இந்த வயதிலும் அந்தக் குரல் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கெட்டவராக இல்லாமலே இதைச் சொல்ல முடிந்ததே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு அவர் என்னைக் காட்டினார். "இது யார் வீட்டுப் பொண்ணு?"

சின்னம்மா என்னைப் பார்த்தாள். "தெரியலீங்கம்மா. கிளாஸ்ல ஒரு பொண்ணு" என்றாள்.

அன்று காலையில் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவள் அவள். முந்தின ராத்திரி அவளை ஒட்டித்தான் நான் படுத்திருந்தேன்.

"அந்தப் படத்தைத் திருப்பி வை. எழுதினதை அழிக்கச் சொல்லு."

சின்னம்மா அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "பிள்ளைங்களா, டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன். கடைசியா எழுதினத அழிச்சிடுங்க" என்றாள். மற்ற எல்லாச் சிலேட்டும் எச்சில் தொட்டு அழிக்கப்பட்டன. நான் அழிக்கவில்லை. சிலேட்டை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அழிடி என்றாள். மாட்டேன் என்றேன். அடுத்து என் வாயிலிருந்து வரப்போவது சின்னம்மா என்ற வார்த்தைதான். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பளாரென்று ஓர் அறை. சிலேட்டைப் பிடுங்கித் தன் முந்தானையாலேயே துடைத்தாள்.

அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டார். "ம். இப்பத்தான் கிளாஸ் உன் கையிலே இருக்கு" என்று சொல்லி, தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

பாஸ். மத்தியானமே சொல்லிவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அவள் என்னைத் தேடி வந்து கன்னத்தைத் தொடப் பார்த்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். தெரியாத பெண்ணை எதற்குத் தொட வேண்டும்?

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சேதி சொல்ல, பாசஞ்சர் வண்டியில் விழுப்புரத்துக்குப் புறப்பட்டோம். மயிலம், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போனது. சின்னம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பித்தளைக் கூஜா என் மடியில் இருந்தது. முண்டியம்பாக்கம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா. தொண்ட காஞ்சிக்கினு கீது."

அவள் கூஜாவுக்குக் கை நீட்டினாள். நான் தரவில்லை. மூடியைத் திறந்து, எழுந்து, பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டேன். ஆயா எந்த உயரத்தில் பிடிப்பாளோ அந்த உயரத்தில் கூஜாவைப் பிடித்தேன். ஓடுகிற வண்டியில் என் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. எனக்குத் தெரிந்த அவமானங்களிலேயே பெரியதை அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

சின்னம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்து இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். நான் ஊற்றினேன். அவள் குடித்தாள். பாதி தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. போதும் என்று சைகை காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளை நன்றாகத் தண்டித்துவிட்ட திருப்தியோடு நான் விழுப்புரத்தில் இறங்கினேன். ஒன்பது வயதுக்குள் அந்த உயரத்தை என் கைக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.