தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மகள்

லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நிதானம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பதினேழு வருட வேலையில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொண்டு கத்துகிறார் என்று போன் வந்தாலும், மிச்சமிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்டுவார்.

"கத்துறவங்களைப் பத்திக் கவலையே வேணாம். மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லாம இருக்காங்க பாருங்க, அதுதான் வயித்தைக் கலக்கும்" என்பார்.

அவருடைய மனைவிக்குத் தூரத்து ஊர் அச்சகம் ஒன்றில் நல்ல வேலை கிடைத்தது. உடனே வந்து சேரச் சொன்னார்கள். அவள் முன்னால் போனாள். அவர் வேலையை விடுவதற்குக் கம்பெனிக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. அது முடியும்வரை அவருடைய அக்கா வந்திருந்து, ஐந்து வயது மகளையும் பத்து மாதக் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டாள். ரயிலில் போனால் இரண்டு பகல், ஒரு ராத்திரி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முடியாது என்று மனைவி விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். அவர் அதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தார்.

"லிஃப்டை ஆறு கம்பிக் கயிறு தாங்குது. ஒண்ணு அறுந்தாலும் மத்தது பாத்துக்கும். இந்தப் பிளேனை எது தாங்குதுக்கா?" என்று கிளம்புகிற அன்று காலையில் அக்காவிடம் கேட்டார்.

"காத்துதான்டா."

"அதான் பயமா இருக்கு."

விமானம் மேலேறத் தொடங்கியதுமே குழந்தை வீறிட்டது. காது அடைத்திருக்க வேண்டும். பால் புட்டியைத் தட்டிவிட்டது. விரலைக் கொடுத்தால் கடித்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த ஆளின் மனைவியும் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மா மட்டும், "அழட்டும் தம்பி, அழுதாத்தான் காது விடும்" என்றார். அந்தம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாற்பது நிமிடம் கழித்துக் குழந்தை அப்பாவின் மார்பில் சாய்ந்து உறங்கிப்போனது. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பாதி கண்ணீர், பாதி அவருடைய வேர்வை.

அப்போதுதான் மகள், "அப்பா, பாத்ரூம்" என்றாள்.

எழுந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். அவர் தயங்குவதைப் பார்த்து விமானப் பணிப்பெண் வந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன் சார். வாங்க பாப்பா." மகள் பெரிய மனுஷி மாதிரி முன்னால் நடந்தாள். கழிவறை ஏழு வரிசைக்குப் பின்னால் இருந்தது.

அவள் போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. விமானம் விழுந்தது.

ஆடவில்லை, விழுந்தது. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். காலடியில் தரை நழுவி, தண்ணீர்க் குவளைகள் எழும்பிச் சிதறின. யாரோ அலறினார்கள். விமானம் எதன்மேலோ மோதியதுபோல் நின்று, மறுபடி சரிந்தது. எல்லோரும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள் என்று அறிவிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தார். பணிப்பெண் கழிவறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இருக்கையில் பெல்ட்டால் தன்னைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் அவளோடு இல்லை.

அவர் பெல்ட்டை அவிழ்த்தார். குழந்தையை என்ன செய்வது என்று ஒரு கணம் கை தவித்தது. பெயர்கூடத் தெரியாத பெரியம்மாவின் மடியில் குழந்தையை வைத்து, "புடிச்சுக்குங்கம்மா, விட்டுடாதீங்க" என்றார். பெரியம்மா இரண்டு கைகளாலும் இறுக்கி அணைத்துக்கொண்டார். அந்தம்மாவின் முகமும் வெளிறியிருந்தது.

நிதானம் இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்தார். நான்காவது வரிசையில் விமானம் மறுபடி விழ, முழங்கால் தரையில் அடித்தது. அதற்கப்புறம் தவழ்ந்துதான் போனார்.

"சார், உட்காருங்க! அடிபட்டுடும்!" என்று பணிப்பெண் கத்தினாள்.

"என் பொண்ணு உள்ள இருக்காம்மா!"

"தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா சார். கூப்பிட்டுப் பாத்தேன், பதிலே இல்ல."

பதிலே இல்லை. கதவைத் தட்டினார். "பாப்பா! அப்பா வந்திருக்கேன்!" சத்தமில்லை. மாட்டிக்கொண்டவர்களிடம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "உன் செருப்பு என்ன கலரு, சொல்லு பாப்போம்?" குரல் அவருடையது மாதிரியே இல்லை. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"கதவு மேல சின்னத் தகடு இருக்கு பாருங்க, அதைத் தூக்குங்க! அடியில சின்னக் குமிழ் இருக்கும், நகர்த்துங்க!" என்றாள் பணிப்பெண்.

எத்தனையோ லிஃப்ட் கதவுகளைத் திறந்த விரல்கள் அந்தக் குமிழில் இரண்டு தடவை வழுக்கின. மூன்றாவது தடவை நகர்ந்தது. ஆனால் உட்பக்கம் மடங்குகிற கதவு நான்கு விரல் அகலம் திறந்ததும் எதிலோ முட்டி நின்றது. கீழே, கதவை ஒட்டி, மகள் கிடந்தாள். அழுத்தித் தள்ளினால் நசுங்கிவிடுவாள். இடுக்கில் கையை விட்டுத் தடவினார். அவள் தலைமுடி தட்டுப்பட்டது. ஈரமாக இருந்தது.

கையை வெளியே எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பதினேழு வருடத்தில் இரண்டு பேரைப் பிணமாக வெளியே எடுத்தவர் அவர். அந்த இரண்டு முகங்களும் கண்முன் வந்தன. எப்படியோ எடுத்துப் பார்த்தார். தண்ணீர். வெறும் தண்ணீர். குழாய்த் தண்ணீர் தெறித்திருக்கிறது.

மறுபடி கையை விட்டார். இந்தத் தடவை சின்னஞ்சிறு விரல்கள் அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன.

"அப்பாவா?"

"அப்பாதான்டா கண்ணு. கொஞ்சம் தள்ளி உட்காரு."

கதவு திறந்தது. அவள் கழிவறைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி, காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். வேறொன்றும் இல்லை.

"கூப்பிட்டேனே, ஏன்மா பேசல?"

அவள் உதடு துடித்தது. "நான்தான்பா அமுக்கினேன்."

"எதை?"

"அந்தப் பட்டனை. அமுக்கின உடனே பெரிய சத்தம் வந்துச்சு. அப்புறம் பிளேன் விழுந்துருச்சு. நான்தான் ஒடச்சிட்டேன். பைலட் மாமா திட்டுவாரா?"

தண்ணீர் விடுகிற பொத்தான் அது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கதவுச் சட்டத்தில் காலை முட்டுக்கொடுத்து, அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். "நீ ஒடைக்கலம்மா. காத்துதான் சரியில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விமானம் இன்னும் ஆறேழு தடவை குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலிலும் அவள் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அதனால் அவர் முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் உயிர் போய்ப் போய் வந்தது.

ஒருவழியாக ஆட்டம் அடங்கி, இடத்துக்குத் திரும்பியபோது குழந்தை பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடிச் சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தது. "உங்க பையனுக்குப் பயமே இல்ல தம்பி. எனக்குத்தான் பாதி உயிர் போயிடுச்சு" என்றார் அவர். இறங்கும்போது விமானியின் அறையைத் தாண்டும்வரை மகள் தலையை நிமிர்த்தவில்லை.

வெளியே மனைவி நின்றிருந்தாள். ஓடி வந்து குழந்தையை வாங்கினாள். குழந்தை விறைத்துக்கொண்டு, அவளை உற்றுப் பார்த்து, வீறிட்டு அழுது அப்பாவிடம் தாவியது. இரண்டு மாதத்தில் அம்மாவை மறந்திருந்தது.

"என்னைத் தெரியலையா இவனுக்கு?" என்றாள் அவள்.

ஆகாயத்தில் அசையாமல் வைத்திருந்த முகம் அப்போதுதான் உடைந்தது. பெட்டி மேலேயே உட்கார்ந்து தேம்பினார் நிதானம். அப்பா அழுவதை மகள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். போகிறவர்கள் விலகிப் போனார்கள். மனைவி அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை அம்மாவிடம் போனது மூன்றாம் நாள், சாயங்காலம்.