இருசம்மாள் பூசை போடாத வருஷம்

கீழப்பழுவூர் வேன் ஸ்டாண்டுக்கு எதிரே என் டீக்கடை. அடுத்தது இருசம்மாளின் பேட்டரிக் கடை. புருஷன் வீரமுத்துவோடு சேர்ந்து வண்டி வயரிங் பழகியவள். போன மாசியில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகும் கடையைத் தனியாகத் திறக்கிறாள்.

சாகும் முன்பு அவருக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. பெரம்பலூர் முதலாளி வண்டியின் புதுப் பேட்டரியை எடுத்துக்கொண்டு பழசை மாட்டிவிட்டார் என்று அந்த வண்டியின் டிரைவர் பிரசாத் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் சொன்னான். எடுத்துத் தன் மச்சானுக்குக் கொடுத்தவன் அவன்தான். முதலாளியிடம் தப்பிக்கப் பழியை இவர்மேல் போட்டான். ஊருக்கு அது இவர் செத்த பிறகுதான் தெரிந்தது. அவன் வாயால் மட்டும் வரவேயில்லை. பழி விழுந்த நாளிலிருந்து வீரமுத்துவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஸ்டாண்டுப் பக்கமே தலைகாட்டாமல் செத்துப்போனார்.

விஜயதசமி காலையில் பிரசாத் அதே பெரம்பலூர் முதலாளியின் கேரவனோடு வந்து நின்றான். கட்டில், பிரிட்ஜ், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி.

"யக்கா, பின்னாடி பேட்டரி சார்ஜ் ஏறல. ஃபேன்கூட நின்னுபோச்சு. அரியலூர்ல பார்ட்டி காத்துக்கெடக்கு. எல்லா பட்டறையிலயும் ஸ்பானர் பூசையில இருக்கு, மறுபூசை முடியாம தொட மாட்டேங்கிறாங்க."

"துக்க வூட்ல பூசை கெடையாது தம்பி. அதான் என் ஸ்பானர் சும்மா கெடக்கு."

இன்ஜினைப் போடச் சொல்லி மீட்டர் வைத்தாள். டைனமோவில் பதினாலு வோல்ட். பின் பேட்டரியில் பன்னிரண்டுகூட இல்லை. கட்டிலுக்கு அடியில் சார்ஜ் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனவள் ஒரு போல்ட்டில் நின்றாள். அதன் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"எங்கன்னு தெரிஞ்சிருச்சு."

"சொல்லுக்கா."

"மொதல்ல நீ சொல்லு. பேட்டரிய எடுத்தது யாரு?"

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பினார்கள். பிரசாத் முனகினான்.

"சத்தமாச் சொல்லுப்பா, டீ ஆத்துற சத்தத்துல கேக்கல" என்றான் அவர்களில் ஒருவனான முத்தமிழ்செல்வன்.

"நான்தான். அண்ணன் எடுக்கல."

"இதையே மொதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

"வேலை போயிரும்க்கா. புள்ளைங்க இருக்கு."

"அவருக்கும் போச்சு."

எனக்கு மனசு கேட்கவில்லை. "நல்ல நாளு இருசு, விட்ரு" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

போன் போட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட முதலாளி, "ட்ரிப்ப முடிச்சிட்டு சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிரு" என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகே அவள் போல்ட்டைக் கழற்றினாள். ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவியபோது பிரசாத் அதையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் அப்பி, அதன் மேலேயே வயரை வைத்து முறுக்கியிருந்தான். சந்தனம் காய்ந்து கரண்டை மறித்துவிட்டது. உப்புத்தாளை அவன் கையில் கொடுத்து, "நீயே தேயி" என்றாள். எல்லாரும் பார்க்கத் தேய்த்தான். மாட்டியதும் மீட்டர் பதினாலுக்கு ஏறியது.

"மனசுல வெச்சுக்காதக்கா."

"வெச்சுக்குவேன். நீ கெளம்பு."

அந்த வெள்ளிக்கிழமை நான் திருமழபாடிக் கோயிலுக்குக் கிளம்பினேன். பிரசாத்தின் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கு ஏற்றப்போவதாக அவளிடம் சொன்னேன்.

"ஏத்து. என் பேர்ல ஏத்தாத" என்றாள்.