ஜெயம் அண்ணைக்கு விற்காத பவுடர்

தோட்டாவுக்கான வெடிமருந்து விற்கும் பவுடர் கவுண்டரில் என்னைத் தனியாக விட்ட முதல் இலையுதிர்காலம் அது. மொன்றியலில் வேட்டைச் சாமான் விற்கும் கடை. மூஸ் என்ற பெரிய மானின் வேட்டைக்காலம் நெருங்கியிருந்ததால் கடை நிறையச் சனம். பிரெஞ்சுக் குரல்களுக்கு நடுவே ஒரு தமிழ்க் குரல் கேட்டது.

"தம்பி, நீ ராசன்ரை மகனெல்லே?"

ஜெயம் அண்ணை. கர்க்லாண்ட் புறநகரில் வீடு, தொழிற்சாலையில் சுப்பவைசர். கூட வேலை செய்யும் கியூபெக்காரரோடு போய் வேட்டை பழகியவர். தோட்டாவைத் தானே நிரப்பப் பழகி, இப்போது வைல்ட்கட் வரை வந்திருந்தார். வைல்ட்கட் என்றால் எந்தக் கம்பனியும் செய்து விற்காத தோட்டா. பெரிய கோதின், அதாவது மருந்து நிரப்பும் உறையின், கழுத்தை ஒடுக்கி, சிறிய சன்னக் குண்டைப் பூட்டுவது. அதற்கென்றே குழல் மாற்றிய ரைபிள்.

பெரிய கோது, ஒடுங்கிய குழல் என்றால் மெதுவாக எரியும் பவுடர் வேண்டும். கைத்துப்பாக்கியின் கட்டைக் குழலுக்கு நேர்மாறு, கெதியாக எரிவது. வழமையான தோட்டாவுக்குக் கம்பனி சோதித்து அச்சடித்த அட்டவணை இருக்கிறது. வைல்ட்கட்டுக்கு அது கிடையாது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

அண்ணை கேட்ட பவுடர் முடிந்திருந்தது. அவர் அலுமாரித் தட்டில் இருந்த வேறொரு போத்தலைக் காட்டினார்.

"அப்ப அதைத் தா."

"அது கெதியா எரியிறது, அண்ணை. உங்கடை பெரிய கோதிலை அழுத்தம் கூடி ரைபிளே வெடிச்சுப்போடும்."

"எல்லாம் கறுப்பு மணிதானே. கொஞ்சம் குறைச்சுப் போடுறன்."

"எவ்வளவு குறைக்கிறதெண்டு ஆர் சோதிச்சது?"

"நான் சோதிப்பன்."

"ரைபிளைக் கன்னத்திலை வச்சோ?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ரை சொந்தத் தோட்டாவோடை வாறனெண்டு வேலையிடத்து ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன். இல்லாமல் போனால் பகிடி பண்ணியே கொல்லுவாங்கள்."

"பகிடியாலை ஒருத்தரும் சாகேல்லை. பழைய ரைபிளைக் கொண்டுபோங்கோ, அதுக்குக் கடைத் தோட்டா இருக்கு."

"எங்கடை பெடியன் எண்டு வந்தால் நீ சட்டம் கதைக்கிறாய்! கொப்பரோடை கதைக்கிறன், பார்."

போய்விட்டார். அப்பாவுக்குச் சொல்வார் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேறு கடையில், வேறு ரைபிளுக்கு என்று சொல்லி அதையே வாங்கிவிட்டால்? மெட்ரோவில் வீடு போகும் வழி முழுக்க அந்த எண்ணம்தான்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டில், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கிவிட்டு வந்த அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வேலை அவருக்குப் பிடிக்காது. "வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ அந்த மருந்தையே விக்கிறாய்" என்பார். அம்மா சொந்தக்காரரிடம் "ஸ்போர்ட்ஸ் கடை" என்று சொல்லிச் சமாளிப்பார். சீஜெப் என்ற கல்லூரிக்குப் போய் இரசாயனம் படித்த, வீட்டின் முதல் ஆள் இப்படி ஆகிவிட்டான் என்பது இருவருக்கும் மனவருத்தம்.

போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். ஜெயம் அண்ணை கொட்டித் தீர்த்தார். அப்பா ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"ஜெயம், எனக்கு இந்த விசயம் ஒண்டும் விளங்காது. அவன் படிச்சவன். அவன் கூடாதெண்டால் கூடாது. வேறை கடையிலையும் வாங்கிப்போடாதை, சொல்லிப்போட்டன்."

மறுமுனையில் மெதுவாக, "ஓம் அண்ணை" என்றது குரல்.

"என்ன பாக்கிறாய்? சாப்பிடு" என்றார் அப்பா என்னிடம்.

ஜெயம் அண்ணை பழைய ரைபிளோடு வேட்டைக்குப் போய்வந்தார். மெதுவான பவுடர் வந்ததும் நானே அழைத்தேன். இருவருமாகச் சுடுதளத்தில் மருந்தைக் குறைவாகத் தொடங்கி, சுட்ட ஒவ்வொரு கோதிலும் வீக்கமோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்டினோம். அந்த வைல்ட்கட் இன்று அழகாகச் சுடுகிறது.

பவுடரின் எரிவேகத்தைப் படித்துவிடலாம். பிரெஞ்சில் "நோன்" சொல்வதும் சுலபம். தம்பி என்று கூப்பிடுகிறவரிடம் தமிழில் "இல்லை" சொல்லப் பழகிய பிறகுதான் அந்தக் கவுண்டர் என்னுடையதாயிற்று.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் யாரோ என் வேலையை விசாரித்தார்கள். அம்மா வழக்கம்போல "ஸ்போர்ட்ஸ் கடை" என்று தொடங்கினார். அப்பா இடையில் புகுந்தார்.

"வேட்டைக் கடை. பவுடர்ப் பகுதிக்கு இவன்தான் பொறுப்பு."