ஓம் என்றால் சுற்றாத மின்விசிறி

வீட்டு மின்சாதனங்கள் பாவனைக்கு இலகுவானவையா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அப்போது என் தொழில். பேச்சுக்குக் கட்டுப்படும் மின்விசிறி ஒன்றைக் கொழும்புக் கம்பனி கையில் தந்து, தமிழ் பேசும் வீடொன்றில் வைத்துப் பார்த்துவரச் சொன்னது. என் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கல்முனைக்குடியில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாயால் மட்டும் சொல்லி அவர் அதை இயக்க வேண்டும். நான் உதவக் கூடாது. அதுதான் சட்டம்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். கச்சான் காற்று வெக்கையை வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ராத்தா கதிரையை இழுத்துப்போட்டு விசிறியின் முன்னால் உட்கார்ந்தார்.

"விசிறியை இயக்கட்டுமா?" செய்தி வாசிப்பது போன்ற பெண் குரலில் அது கேட்டது.

"ஓம்," என்றார் ராத்தா.

"மன்னிக்கவும், புரியவில்லை."

"ஓம், ஓம். போடுங்க."

"மன்னிக்கவும், புரியவில்லை."

ராத்தா என் பக்கம் திரும்பினார். "என்னடா தம்பி, இதுக்குக் காது கேக்காதா? ஓம் எண்டுதானே சொல்றன்."

நான் சட்டப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் சேட்டு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ராத்தாவின் கணவரான மச்சானுக்கு அந்தச் சட்டம் இல்லை. சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தபடியே, "அது புத்தகத் தமிழ் புள்ள. அப்பிடிக் கதைச்சுப் பாரு," என்றார்.

ராத்தா முக்காட்டைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். "ஆம். தயவுசெய்து இயக்கவும்."

விசிறி உடனே சுற்றியது.

மச்சான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கலியாணம் முடிச்ச நாளிலிருந்து எனக்கிட்ட ஒருக்காக்கூடத் தயவுசெய்து எண்டு சொல்லல்லியே?"

"உங்களுக்கு ஓம் எண்டாலே விளங்குதே," என்றார் ராத்தா.

எங்கள் ஊரில் 'ஆம்' என்று யாரும் சொல்வதில்லை என்பதை என் அறிக்கையில் விரிவாகவே எழுதினேன். கம்பனி அதில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டது: பாவனையாளர் விரைவில் பழகிக்கொள்கிறார். திருத்தம் எதுவும் தேவையில்லை என்று முடிவாயிற்று. எனக்கு நன்றியும் சொன்னார்கள். விசிறியை ராத்தாவுக்கே அன்பளிப்பாக விட்டுவிட்டார்கள்.

அடுத்த பெருநாளைக்குப் போனபோது வீடு நிறையப் பக்கத்து வீட்டுப் பெண்கள். ராத்தா விசிறியோடு கதைப்பதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு முறையும் "ஆம்" என்றதும் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரும் போனதும் ராத்தா குனிந்து பின்பக்கத்துப் பொத்தானை அழுத்தி விசிறியைப் போட்டார்.

"ஏன் ராத்தா, சொன்னாப் போதுமே?"

"வேர்க்கிற நேரத்துல ஆருடா அந்தத் தமிழ் கதைக்கிற?" என்றபடி காற்றுக்கு முகத்தைக் கொடுத்தார்.