வேறொருவருடைய ‘நான்’

பாரிஸ் நீதிமன்றங்களில் நம்மவர்களுக்கு மொழிபெயர்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்வேன். “அவர் சொல்கிறார், அவ சொல்கிறா” என்று இழுக்காதீர்கள். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்லுங்கள்.

இதனால் ஒரே காலையில் நான் கடை முதலாளியாகவும், அவர் வேலையை விட்டு நிறுத்திய சமையல்காரராகவும் இருந்திருக்கிறேன். பின்னேரம் லா சப்பல் தமிழ்க்கடையில் கறிவேப்பிலை வாங்கப் போனால், “என்ன அக்கா வேணும்?” என்று கடைக்காரர் கேட்பது எந்த அக்காவை என்று ஒரு கணம் பிடிபடாது. பாதி கலைந்த கனவோடு நிற்பேன். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து செருமுவார்கள்.

வாசுகியின் வழக்கும் ஒரு கனவாகத்தான் நினைவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்த பெண். கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், வீடு பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில். அவரோடு சேர்ந்து வாழ்கிறாள் என்ற நிபந்தனையில்தான் அவளுக்கு வதிவிட அட்டை; நம்மவர் பேச்சில் ‘காட்டு’. அவள் வெளியேறி ஒரு சிநேகிதியோடு போய் இருந்ததும், ‘இவள் இப்போது என்னோடு இல்லை’ என்று அவர் அட்டை கொடுக்கும் ப்ரெபெக்சூர் அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டார். அட்டையும் முடியப்போகிற நேரம்.

அடி தாங்காமல் வெளியேறியவள் என்று நிலைநாட்டினால் பிரிவைச் சட்டம் அவளுக்கு எதிராக எடுக்காது. அதற்காக அவளுடைய சட்டத்தரணி குடும்ப நீதிபதியிடம் பாதுகாப்பு ஆணை கேட்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சான்று கையில் இருந்தது. மிச்சத்தை அவள் வாயால் சொல்லவேண்டும்.

அந்த நீதிமன்றம் உயரமான கண்ணாடிக் கட்டடம். மேல்மாடியில் ஜன்னலுக்கு அருகிலேயே மேகம் போகும். வாசுகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “அக்கா, அவர் அடிச்சதை நான் சொல்லமாட்டன். எனக்கு இஞ்சை ஒத்துவரேல்லை, நானா வெளிக்கிட்டன் எண்டுதான் சொல்லப்போறன்” என்றாள்.

நான் அதைச் சட்டத்தரணிக்குச் சொன்னேன். அவரும் ஒரு பெண்; கோப்பை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்படிச் சொன்னால் அட்டை போய்விடும். நாட்டை விட்டே போகச் சொல்வார்கள். இது இவருக்குத் தெரியுமா?”

“ஓம், தெரியும்” என்றாள் வாசுகி. “மச்சாள் ராத்திரி போனிலை அழுதவ. தம்பியின்ரை பேரைக் கோர்ட்டிலை கெடுத்துப்போடாதை எண்டு. கட்டினவரைப் பற்றி நாலு பேருக்கு முன்னாலை என்னெண்டு அக்கா சொல்லுறது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரின் அக்காவான அந்த மச்சாளை லைனில் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. ஆனால் புத்தி சொல்வது என் வேலையில்லை. அவளோடு உள்ளே போனேன்.

நீதிபதி முதலில் கணவரைப் பேசச் சொன்னார். அவர் பிரெஞ்சில் சரளமாகப் பேசினார். நான் வாசுகியின் பக்கத்தில் இருந்து, அவர் பேசியதை அவள் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“நான் அவவிலை ஒருநாளும் கை வைக்கேல்லை. காட்டுக்காகத்தான் என்னைக் கட்டினவ. அடிச்சன் எண்டுறது கட்டுக்கதை.”

வாசுகி மெல்லத் திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“பொய் சொல்லாதேங்கோ” என்றாள்.

அறை தூரத்தில் எங்கோ இருப்பது போல எனக்குப் பட்டது. என் வாய் மட்டும் அதைப் பிரெஞ்சில் சொன்னது. அவள் நிறுத்தவில்லை.

“சோறு குழைஞ்சு போச்செண்டு சட்டியாலை எறிஞ்சனீங்கள். இஞ்சை பாருங்கோ.” நெற்றி மயிரை ஒதுக்கித் தழும்பை எனக்குக் காட்டினாள். “மச்சாள் கேட்கக் குளிக்கேக்கை வழுக்கினது எண்டு சொன்னனான். உங்கடை பேருக்காக. காட்டுக்காகக் கட்டினனான் எண்டால் அண்டைக்கே பொலிசுக்குப் போயிருப்பன்.”

கணவர் எழுந்து குறுக்கே பேச வந்தார். நீதிபதி அவரை இருக்கச் சொன்னார். வாசுகி என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கணவரின் முகத்தைப் பார்த்து அவளால் ஒரு வரியும் சொல்லியிருக்க முடியாது. என் முகத்துக்குச் சொல்ல முடிந்தது. ‘அவர் சொல்கிறார்’ என்று நான் மொழிபெயர்த்திருந்தால், அவள் தலையைக் குனிந்தபடியே இருந்திருப்பாள்.

சில நாளில் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. அதைக் கொண்டு அட்டையும் புதுப்பித்தார்கள்.

ஆனால் எனக்குப் பாடமானது அன்றைக்கு வெளியே வந்தபிறகு நடந்தது. லேசான மழை. கண்ணாடிக் கட்டடம் பாதிக்குமேல் தெரியவில்லை. வாசுகி என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, உங்களையெல்லே ஏசிப்போட்டன். குறை நினையாதேங்கோ.”

நான் இன்னும் அவளுடைய கணவராகவே நின்றிருந்தேன் போலிருக்கிறது. யோசிக்காமல், “என்னை மன்னிச்சுக்கொள்ளும்” என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். கோபமில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்:

“அதை நீங்கள் சொல்லக்கூடாது அக்கா. அதை அவரெல்லே சொல்லவேணும்.”