சோறு போடும்வரை மண்

சிட்னியில் சனிக்கிழமை காலையென்றால் வளர்ந்த மனிதர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு களிமண்ணில் விளையாடப் போகிறார்கள். செவன் ஹில்ஸுக்குக் குடிவந்த புதிதில், 2011இல், இதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்த வாய் மூடுமுன் நானும் அந்த மட்பாண்ட வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன். "என்னப்பா, இந்த வயசில சோறு கறி விளையாட்டோ?" என்று இவர் கேலி செய்தார். எங்கள் குசினியில் இருந்த கோப்பை, கிண்ணமெல்லாம் யார் யாரோ இரக்கப்பட்டுத் தந்தவை. இந்த நாட்டில் என் கையால் செய்த ஒரு கிண்ணத்திலாவது சோறு தின்ன ஆசைப்பட்டேன்.

வனைவது எப்படியோ கைகூடியது. அடியில் தடித்து நிற்கும் மண்ணைச் சீவி எடுப்பதுதான் பெரும்பாடு. அரைகுறையாய்க் காய்ந்த கிண்ணத்தைச் சக்கரத்தில் கவிழ்த்துச் சுழலவிட்டு, சரியாக நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இடக்கை விரலை ஓரத்தில் வைத்தால் எந்தப் பக்கம் விலகியிருக்கிறதென்று தெரியும். வலக்கையால் தட்டி நகர்த்தலாம். நானோ வலக்கையால் மட்டும் தட்டினேன். முதற்கிண்ணம் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. அடுத்ததும் அதே கதி.

"கையில் நோவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் எங்களுக்குப் பழக்கும் ஜேன். "நோ, நோ, குட் ஹேண்ட்" என்று சொல்லி இடக்கையை மடிக்குள் இன்னும் ஒளித்தேன். மறுவாரம் பாவம், மனுசி ஒரு களிம்பு வாங்கி வந்திருந்தார்.

சின்ன வயதில் சோற்றுப் பானையில் இடக்கை பட்டால் அம்மா விடமாட்டா. "சோத்துக்கை எதடி? எடு அந்தக் கையை!" என்பா. வனையும்போது அது வெறும் மண், இரண்டு கையாலும் பிடித்தேன். கிண்ணமென்று ஆனபிறகு எப்படித் தொடுவது?

கடைசியாக ஒரு கிண்ணம்தான் மிஞ்சியது. அதுவும் உடைந்தால் வகுப்பையே விட்டுவிடுவதென்று முடிவெடுத்திருந்தேன். களிம்பைத் திருப்பிக் கொடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் ஜேனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது இன்னும் மண்தான், டார்லிங். சோறு போட்ட பிறகு மரியாதை கொடு."

அதுவும் சரிதானே! இடக்கை விரலை வைத்தேன். விலகிய பக்கம் வந்து வந்து விரலில் இடித்தது. தட்டினேன், மெல்லத் தட்டினேன். இடிப்பது நின்றது. கிண்ணம் சுழல்கிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. "ஐயோ, வந்திட்டுது!" என்று கத்திவிட்டேன். ஒரு சொல்லும் விளங்காமலே எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சூளையில் வெந்து அது வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, சோறு போட்டுத் தேங்காய்ப்பால் சொதி ஊற்றினேன்.

"எனக்கில்லையோ?" என்றார் இவர்.

"உங்களுக்கு அடுத்த கிண்ணம்."

சோற்றுக்கை பிசைந்தது. இடக்கை பழையபடி மடியில் கிடந்தது, நகக்கண்களில், காலையில் வனைந்த இவருடைய கிண்ணத்தின் மண்ணோடு.