வெந்நீர்மேல் வந்த சந்தேகம்

மூலத்துக்கு அறுவை செய்து பத்து நாளாகியும் எனக்கு ஆசனவாயில் வலி எரிந்துகொண்டே இருந்தது. சிராங்கூன் சாலையில் மாட்டுவண்டி ஓட்டுபவன் நான். உட்கார முடியாவிட்டால் பிழைப்பு ஏது?

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் நாகூர்க்காரர் தினமும் அகலத் தொட்டியில் வெந்நீர் கொண்டுவருவார். ஏதோ பொடி தூவியதும் தண்ணீர் ஊதாவாக மாறும்.

"கொஞ்ச நேரம் இதுல உக்காருங்க. வலி அடங்கும்."

அந்த நிறமே எனக்குப் பயமாக இருந்தது. என்னை வைத்து எதையோ சோதித்துப் பார்க்கிறார் என்று எண்ணி, உட்கார மறுத்துக்கொண்டே இருந்தேன். அவர் தொல்லை ஒழியட்டும் என்று, கொதிக்கும் நீரில் என்னைத் தள்ளப் பார்த்தார் என மேலதிகாரியிடம் பொய் சொன்னேன். மறுநாளே அவரைக் காலரா வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்து வந்தவரும் அதே ஊதாத் தண்ணீரைத்தான் கொண்டுவந்தார். "டாக்டர் எல்லாருக்கும் சொல்ற வைத்தியம்தாங்க" என்றார். வேறு வழியின்றி உட்கார்ந்தேன். கால்மணி நேரத்தில் வலி தளர்ந்தது.

நடக்க முடிந்ததும் காலரா வார்டுக்குப் போனேன். வாசலிலேயே என்னை நிறுத்தினார் அவர்.

"கிட்ட வராதீங்க. இப்ப உக்கார முடியுதா?"

"பாய், நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். தினமும் தண்ணி ஆறிப்போறதுக்குள்ள உக்காருங்க, அப்பதான் வலி கேக்கும்."

அவர் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.